எக்ஸ்சேஞ்ச் மாணவராக முதல் குளிர்கால விடுமுறை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஒரு செமஸ்டர், இரண்டு செமஸ்டர் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியில் ஒரு பெரிய இடைவெளி வரும். வகுப்பு இருக்காது. கூடப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதி காலியாகிவிடும். இப்படி இரண்டு விடுமுறைகளை நான் கழித்திருக்கிறேன். அதன் பிறகு மூன்று வருடம், புதிதாக வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குத் துணையாக இருந்திருக்கிறேன். அவர்களில் பலர் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றதையெல்லாம் பிறகு யோசித்தார்கள்.

சரியான வரிசை இது: தேதி, தங்குமிடம், ஆவணம், அப்புறம்தான் டிக்கெட். அக்டோபரில் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம். டிசம்பரில் தொடங்கினால் பதில் சொல்ல வேண்டிய அலுவலகங்களே விடுமுறைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

இங்கே சொல்வது வட அரைக்கோளத்து நாடுகளுக்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அங்கே போகிறவர்கள் மாதங்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் இவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்: பாஸ்போர்ட், விசா பக்கத்தின் நகல், குடியிருப்பு அட்டை, சேர்க்கைக் கடிதம், விடுதி ஒப்பந்தம், காப்பீட்டு ஆவணம், தேர்வு அட்டவணை. அடுத்து வரும் ஒவ்வொரு படியிலும் இவற்றில் ஏதாவது ஒன்றைப் புரட்ட வேண்டியிருக்கும்.

1. காலண்டரில் நான்கு தேதிகளைக் குறியுங்கள்

கடைசித் தேர்வு அல்லது கடைசி ஒப்படைப்பு நாள். விடுதி மூடும் நாள். விடுதி திறக்கும் நாள். மறுபடியும் வகுப்பு தொடங்கும் நாள். இந்த நான்கும் ஒரே இடத்தில் கிடைக்காது. முதலாவதைத் துறையில் கேட்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டும் விடுதி அலுவலகத்தில் கிடைக்கும். கடைசித் தேதி பல்கலைக்கழகக் காலண்டரில் இருக்கும்.

ஒரு நாட்டின் விடுமுறையை வைத்து இன்னொரு நாட்டைக் கணக்குப் போடக் கூடாது. அமெரிக்காவில் டிசம்பர் நடுவில் தேர்வே முடிந்து செமஸ்டரும் முடிந்துவிடும். அடுத்த செமஸ்டர் ஜனவரியில்தான். ஜெர்மனியில் இந்த விடுமுறை செமஸ்டரின் நடுவில் வரும். இரண்டு வாரத்தில் வகுப்பு திரும்பத் தொடங்கும், தேர்வுகள் அதற்கும் பிறகு. அமெரிக்காவில் மூன்று வாரப் பயணம் போகலாம். ஜெர்மனியில் அதே பயணம் போனால் தேர்வுக்குப் படிக்கும் நாட்கள் கையை விட்டுப் போய்விடும்.

ஒரே ஒரு செமஸ்டர் மட்டும் வந்தவர்கள் ஐந்தாவதாக ஒரு தேதியையும் குறிக்க வேண்டும்: உங்கள் திட்டம் அதிகாரபூர்வமாக முடியும் நாள். விடுதி ஒப்பந்தமும் காப்பீடும் பல நேரம் அந்த நாளோடு முடிந்துவிடும். விடுமுறை அதைத் தாண்டி நீள்கிறதா என்று பாருங்கள்.

2. எங்கே தூங்குவீர்கள் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்

ஒப்பந்தம் ஜூன் வரை இருக்கிறது, ஆகவே விடுமுறையிலும் அறை நம்முடையதுதான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல வளாக விடுதிகள் குளிர்கால இடைவெளியில் முழுவதுமாக மூடப்படும். சாமான்களை அறையிலேயே வைத்துவிட்டு ஆள் மட்டும் வெளியேற வேண்டும். ஒப்பந்தத்தில் இது சின்ன எழுத்தில் இருக்கும்.

விடுதி அலுவலகத்துக்கு நவம்பர் தொடக்கத்திலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் கேட்பதைவிட மின்னஞ்சல் நல்லது, பதில் உங்கள் கையில் இருக்கும். இடைவெளி முழுக்கத் தங்கலாமா? அதற்குத் தனிப் பதிவோ கட்டணமோ உண்டா? ஹீட்டர், வெந்நீர், சமையலறை, துணி துவைக்கும் அறை நான்கும் இயங்குமா? என் நுழைவு அட்டை அந்த நாட்களிலும் கதவைத் திறக்குமா? அலுவலகம் மூடியிருக்கும்போது அழைக்க வேண்டிய எண் எது? ஒன்று விடாமல் கேளுங்கள்.

சமையலறையையும் அட்டையையும் நான் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் விடுமுறையில் “தங்கலாம்” என்ற பதிலோடு நிம்மதியாக இருந்துவிட்டேன். 24-ஆம் தேதி மாலை கையில் காய்கறிப் பையோடு பொதுச் சமையலறைக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. ஜனவரி 2 வரை மூடியிருக்கும் என்று ஒட்டியிருந்தார்கள். தாழ்வாரத்தில் விளக்கு ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் வகை. நான் அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. கையை ஆட்டி விளக்கை எரிய வைத்து மீதியைப் படித்தேன். அந்த ஒன்பது நாளும் சமைக்காமல் சாப்பிடக் கூடியதை வைத்தே ஓட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

விடுதி மூடுகிறது என்றால் வழிகள் இருக்கின்றன. சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்காக ஒரு கட்டடத்தை மட்டும் திறந்து வைக்கும். அதற்கான பதிவு சீக்கிரம் முடிந்துவிடும். ஊருக்குப் போகும் நண்பரின் அறையில் தங்கலாம், ஆனால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சிக்கல் நண்பருக்குத்தான். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் குடும்பங்களோடு தங்க வைக்கும் ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள்.

மூடிய விடுதியில் யாருக்கும் தெரியாமல் தங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தீப்பிடித்தால் உள்ளே ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

3. ஆவணங்கள்: போவதை அல்ல, திரும்பி வருவதைப் பாருங்கள்

எல்லோரும் போகும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்று பார்ப்பார்கள். படிக்கும் நாட்டுக்குள் திரும்ப நுழைய முடியுமா என்று பார்ப்பவர்கள் குறைவு. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் உங்கள் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஷெங்கன் நாடுகளின் (தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின்) விசா ஸ்டிக்கரில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘மல்ட்’ (MULT) என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் பல முறை நுழையலாம். ‘01’ என்றிருந்தால் ஒரே முறைதான், வந்து இறங்கிய அன்றே அது தீர்ந்துவிட்டது. குடியிருப்பு அட்டை கைக்கு வரும் முன் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறினால் திரும்ப முடியாமல் போகலாம். இந்தக் கட்டத்தை விமான நிலையத்தில் முதன்முறையாகப் பார்த்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். டிக்கெட்டை அங்கேயே கைவிட்டுத் திரும்பினாள். அவள் அன்று போகாமல் இருந்ததுதான் சரி.

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்தன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிறதே என்று அயர்லாந்துக்கோ பிரிட்டனுக்கோ டிக்கெட் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு ஷெங்கன் நாட்டின் நீண்டகால விசாவோ குடியிருப்பு அட்டையோ செல்லுபடியாக இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாள் வரை இருக்கலாம். படிக்கும் நாட்டில் இருக்கும் நாட்கள் இதில் சேராது. ஆனால் செப்டம்பரிலிருந்து போன வார இறுதிப் பயணங்கள் சேரும், நுழையும் நாளும் கிளம்பும் நாளும் கூடச் சேரும்.

பிரான்சில் படிப்பவர்கள், குடியிருப்பு அனுமதியாகவும் பயன்படும் நீண்டகால மாணவர் விசா வைத்திருந்தால், வந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். செப்டம்பரில் வந்தவர்களுக்கு அந்தக் கெடு சரியாக டிசம்பரில் முடிகிறது. உறுதிப்படுத்தாமல் வெளியே போனால் திரும்புவது சிக்கலாகும்.

அமெரிக்காவில் ஜே-1 என்ற எக்ஸ்சேஞ்ச் விசாவில் இருப்பவர்களுக்கு டிஎஸ்-2019 என்ற படிவம் இருக்கும். அதில் பயண ஒப்புதலுக்கென்று ஓர் இடம் உண்டு. பல்கலைக்கழகத்தின் பொறுப்பு அலுவலர் அங்கே கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். புதிதாக வந்தவர்களின் படிவத்தில் அந்த இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அலுவலகத்தில் வரிசை நீளும், நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். விசாவும் திரும்பும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும். திட்டமே டிசம்பரில் முடிகிறவர்களுக்கு அதன் பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. அதில் உள்நாட்டில் சுற்றலாம், ஆனால் வெளியே போனால் அந்த அவகாசத்தை வைத்து மறுபடி நுழைய முடியாது.

ஜப்பானில் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்கள் ஓர் ஆண்டுக்குள் திரும்புவதானால் தனியாக மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் புறப்படும்போது நிரப்பும் அட்டையில், திரும்பி வருவேன் என்ற கட்டத்தில் குறியிட்டாக வேண்டும். அந்த ஒரு குறி இல்லாமல் போனால் தங்கும் தகுதியே போய்விடும்.

பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய காலம் போகிறவர்களுக்கு, வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் 6 மாதம் கேட்கும்.

சந்தேகம் இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். கூடப் படிப்பவரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அவருடைய பாஸ்போர்ட் வேறு நாட்டுடையதாக இருந்தால் அவருக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது.

4. இப்போது டிக்கெட்

முதல் மூன்று படிகளும் முடிந்துவிட்டன என்றால் வாங்குங்கள். கடைசித் தேர்வு நாளன்று மாலை விமானம் பிடிக்காதீர்கள். தேர்வு ஒரு நாள் தள்ளிப்போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. திரும்புவதும் வகுப்புக்கு இரண்டு நாள் முன்பாக இருக்கட்டும், ஏனென்றால் பனிப்பொழிவில் விமானங்கள் ரத்தாவது இந்த மாதங்களில்தான்.

ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் பனியால் ரத்தானால் பொதுவாக இழப்பீட்டுத் தொகை கிடைக்காது, வானிலை விமான நிறுவனத்தின் கையில் இல்லை என்பதால். ஆனால் காத்திருக்கும் நேரத்தில் உணவும், இரவு தங்க வேண்டியிருந்தால் அறையும் தருவது அவர்கள் கடமை. பலர் இதைக் கேட்காமல் தரையில் படுத்துவிடுகிறார்கள். கவுன்டரில் போய்க் கேளுங்கள்.

5. காப்பீடும் மருந்தும்

படிக்கும் நாட்டின் மருத்துவக் காப்பீடு எல்லையைத் தாண்டினால் செல்லுமா என்று பாருங்கள். பனிச்சறுக்குப் போகிறவர்கள் அந்த விளையாட்டு அதில் சேருமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் அது சேராது.

தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் டிசம்பர் நடுவுக்குள் ஜனவரி நடுப்பகுதி வரைக்குமான சீட்டு வாங்கிவிடுங்கள். மருத்துவர்களும் விடுமுறைக்குப் போவார்கள்.

உயிர் போகும் அவசரத்துக்கு ஒரு எண், அவ்வளவு அவசரமில்லாத நோய்க்கு வேறு எண் என்று பல நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் 112, 116117. பிரிட்டனில் 999, 111. ஜப்பானில் ஆம்புலன்ஸ் 119. உங்கள் நாட்டின் எண்களை ஒரு தாளில் எழுதி அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ராத்திரி காய்ச்சலில் தேட முடியாது.

6. உடம்பையும் அறையையும் சூடாக வைப்பது

ஒரே தடிமனான கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் சூடாக இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். உடம்போடு ஒட்டும் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொள்ளும், வெளியே வந்ததும் அந்த ஈரமே குளிரும். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ நல்லது.

காலணி கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிடும்.

அறையில் ஜன்னலை நாள் முழுக்க மூடி வைத்தால் ஈரம் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடிக்கும். லேசாகத் திறந்தே வைத்தால் சுவர் குளிர்ந்துவிடும். தினமும் இரண்டு முறை ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். காற்று மாறும், சுவரின் சூடு அப்படியே இருக்கும்.

பயணம் போகும்போது ரேடியேட்டரை (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி) முழுதாக அணைக்காதீர்கள். குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கலாம். பல ரேடியேட்டர்களின் திருகில் ஒரு பனித்துகள் படம் இருக்கும். அங்கே வைத்தால் அறை சுமார் 6 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும். அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காயவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

7. கடை மூடும் நாட்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியில் டிசம்பர் 24 மதியத்தோடு கடைகள் மூடும், 25-உம் 26-உம் முழு விடுமுறை. அதையொட்டி ஞாயிறு வந்தால் மூன்று நான்கு நாள் ஆகிவிடும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கைகொடுக்கும். லண்டனில் 25-ஆம் தேதி சுரங்க ரயில் ஓடாது. அன்று யாரையாவது பார்க்கப் போவதானால் நடந்து போகும் தூரமா என்று பாருங்கள். ஜப்பானில் 25 சாதாரண வேலை நாள். அங்கே அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும். கொரியாவில் சந்திரப் புத்தாண்டின்போதுதான் எல்லோரும் ஊருக்குப் போவார்கள், அது ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும்.

நான்கு நாளைக்கான உணவுப் பொருள், கொஞ்சம் பணத்தாள், காய்ச்சல் மாத்திரை. இவ்வளவு இருந்தால் போதும்.

8. அமைதியான பத்து நாட்களுக்கு ஒரு கால அட்டவணை

ஊரிலேயே இருந்துவிடுகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். டிசம்பர் 22 வாக்கில் லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஹெல்சின்கியில் 6 மணி நேரம்கூட இல்லை. நார்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பதினோரு மணிக்கு எழுந்து, குளித்துச் சாப்பிட்டு நிமிர்ந்தால் பொழுது சாயத் தொடங்கியிருக்கும். இரண்டு நாள் இப்படிப் போனால் மூன்றாவது நாள் எழவே மனம் வராது. நான் கவனித்தவரை, சோர்ந்துபோன மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் தூக்க நேரத்தைத்தான் தொலைத்திருந்தார்கள்.

ஆகவே எழும் நேரத்தை மட்டும் நிலையாக வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரம் வெளியே நடங்கள், மேகமூட்டமாக இருந்தாலும் சரி. வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோருமே தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

அப்புறம், ஆட்கள். விடுதியில் வேறு யாரெல்லாம் தங்குகிறார்கள் என்று டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே கேட்டுப் பெயர்களை எழுதுங்கள். ஒரு குழு தொடங்குங்கள். “யாராவது சேர்ந்து சாப்பிடலாமா” என்று பொதுவாகப் போட்டால் யாரும் பதில் எழுத மாட்டார்கள். “24-ஆம் தேதி மாலை 6 மணி, இரண்டாம் மாடி, ஆளுக்கு ஒரு பதார்த்தம்” என்று எழுதினால் வருவார்கள். அப்படி ஒரு மாலையில் ஏழு நாட்டுக்காரர்கள் நான்கு நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதில் மூன்று பேர் செப்டம்பரிலிருந்து ஒரே தாழ்வாரத்தில் இருந்தவர்கள், அன்றுதான் முதன்முறையாகப் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதோடு வீட்டுக்கும் உங்களுக்குமான நேர வித்தியாசமும் மாறியிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது வெறும் வீட்டு நினைவு இல்லை. மாணவர் ஆலோசனை மையம் விடுமுறையில் எந்த எண்ணில் இயங்குகிறது என்பதை முன்பே வாங்கி, அறைக் கதவில் ஒட்டிய அவசர எண்கள் தாளிலேயே எழுதி வையுங்கள். அழைக்கத் தயங்காதீர்கள்.

9. யாராவது வீட்டுக்கு அழைத்தால்

சரி என்று சொல்லுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்கி மறுத்தவர்கள் பலர் பிறகு என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

சாப்பிடக் கூடாதது ஏதாவது இருந்தால் அழைப்பை ஏற்கும் அன்றே சொல்லிவிடுங்கள். சமைத்து வைத்த பிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம். எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது கிளம்புவது வசதி என்று இரண்டையும் கேளுங்கள். அன்று பேருந்து குறைவு, திரும்பும் வழியும் முன்பே தெரிய வேண்டும். கையில் சின்னதாக ஒரு பரிசு, மறுநாள் ஒரு நன்றிச் செய்தி. இவ்வளவுதான்.

10. வெளியே கிளம்பும் நாளில்

கடும் குளிரில் கைபேசி பேட்டரி சட்டென்று இறங்கி அணைந்துவிடும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கூட அணையலாம். கோட்டின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வையுங்கள். தங்கும் இடத்தின் முகவரி, டிக்கெட், குடியிருப்பு அட்டை நகல் மூன்றும் தாளிலும் இருக்கட்டும். அசல் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பெட்டியில் போடாமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

உறைந்த ஏரியின் மேல், உள்ளூர்க்காரர்கள் யாரும் நடக்காத இடத்தில் கால் வைக்காதீர்கள். மேலே பனி மூடியிருந்தால் அடியில் எவ்வளவு தடிமன் என்று கண்ணால் சொல்ல முடியாது.

11. திரும்பி வந்த முதல் இரண்டு நாட்கள்

அறைக்கு வந்ததும் ரேடியேட்டரைக் கூட்டி, ஜன்னலை ஒருமுறை முழுதாகத் திறந்து மூடுங்கள். பல நாள் தேங்கிய தண்ணீர் போகும்வரை குழாயைச் சில நிமிடம் திறந்து விடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலைப் படியுங்கள். தேர்வுக்குப் பெயர் பதியும் கெடு பல இடங்களில் விடுமுறை முடிந்த கையோடு வரும், அதைத் தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது. அமெரிக்காவுக்குத் திரும்பியவர்கள் இணையத்தில் ஐ-94 என்ற தங்கள் புதிய வருகைப் பதிவை எடுத்து, விசா வகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அதே வாரம் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.